திராவகப் புட்டியும் கடைக்காரர் குறிப்பேடும்

பட்டணத்து வீடுகளில் குளியலறை மூலையில், துடைப்பத்திற்குப் பக்கத்தில், பழைய புட்டி ஒன்று இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். முன்பு அதில் பழரசமோ எண்ணெயோ இருந்திருக்கும். இன்று அதில் இருப்பது, ஆசிட் என்று யாவரும் வழங்கும் உப்புத் திராவகம். தரையில் படிந்த கறையைப் போக்க அதைவிட எளிய வழி இல்லை என்று நம் பெண்மணிகளில் பலர் நம்புகின்றனர். தெருவோடு வரும் கைவண்டிக்காரரிடம் சில்லறைக் காசுக்கு அது கிடைத்துவிடுகிறது. வாங்குகிறவரின் பெயரை அவர் கேட்பதில்லை. விற்கிறவரின் பெயரை நாமும் கேட்பதில்லை.

இந்தப் புட்டியைப் பற்றித்தான் இம்மாதம் எழுத எடுத்துக்கொண்டேன். பொருள் இனிமையானதன்று. பண்டிகைக் காலப் பலகாரக் குறிப்பை எதிர்பார்த்து இப்பக்கத்தைத் திருப்பும் சகோதரிகள் பொறுத்தருள வேண்டும். ஆயினும், வயது வந்த பெண்களைக் கல்லூரிக்கும் அலுவலகத்திற்கும் அனுப்பிவிட்டு, மாலையில் வாசலைப் பார்த்து நிற்கும் குடும்பங்கள் நம்முடையவை. சுற்றத்தார் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கின்றனர். ஆதலின் இவ்விஷயம் நமக்கு அயலானது என்று தள்ளிவிட இயலாது.

2013ஆம் ஆண்டு மே மாதம் மும்பையில், பாந்திரா டெர்மினஸ் இரயில் நிலையத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கடற்படை மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்து, தில்லியிலிருந்து வந்திறங்கிய இளம்பெண் ஒருவர் மீது, இரயில் நிலைய மேடையிலேயே திராவகம் வீசப்பட்டது. வீசியவன் அவருடைய ஊரில் அண்டை வீட்டிலிருந்தவன். அவருக்கு நல்ல வேலை கிடைத்ததே அவனுக்குப் பொறுக்கவில்லை என்பது வழக்கில் வெளிப்பட்ட செய்தி. ஒரு மாதம் உயிருக்குப் போராடி அப்பெண் ஜூன் முதல் தேதி இறந்தார். 2016இல் அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. பிழைப்புக்காக வேற்றூர் வந்து இறங்கிய முதல் நாளே இது நேர்ந்தது என்பதை எண்ணும்போது, நம் போன்றோருக்கு நெஞ்சு நடுங்குகிறது.

தமிழகம் இதற்கு விலக்கு என்று எண்ணிவிட வேண்டா. 1992ஆம் ஆண்டிலேயே சென்னை மாநகரில், உயர்பதவியிலிருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி வி. எஸ். சந்திரலேகா அவர்கள் மீது திராவகம் வீசப்பட்டது. 2012 நவம்பரில் காரைக்காலில் இளம் பொறியாளர் ஒருவர் இக்கொடுமைக்கு ஆளாகி, 2013 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவர் செய்த குற்றம், ஒருவனை மணக்க மறுத்தது ஒன்றே. நாடு முழுவதிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ இருநூறு வழக்குகள் பதிவாகின்றன. மேற்கு வங்காளமும் உத்தரப் பிரதேசமும் அக்கணக்கில் முன்னிற்கின்றன. ஆண்களும் இதற்கு இரையாவதுண்டு. நிலத் தகராறு, குடும்பப் பகை ஆகியவையும் காரணமாவதுண்டு. ஆனால் மிகுதியாகத் துன்புறுவோர் பெண்களே. மறுப்புச் சொன்ன பெண்ணைக் கொல்லாமல் உயிரோடு விட்டு, அவள் முகத்தை அழித்துவிட வேண்டும் என்ற எண்ணத்திலிருந்தே இக்குற்றம் பிறக்கிறது.

திராவக விற்பனையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வழக்கை உச்ச நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றவர் லக்ஷ்மி அகர்வால் என்ற தில்லிப் பெண். 2005இல், பள்ளிப் பருவத்தில், அவர் மீது திராவகம் வீசப்பட்டது. 2006இல் அவர் பெயரால் பொதுநல வழக்குத் தொடுக்கப்பட்டது. ஏழாண்டுகள் கழிந்து, 2013 ஜூலை 18ஆம் நாள் நீதிமன்றம் முக்கியமான ஆணையொன்றைப் பிறப்பித்தது. அதன் சாரம் நம் இல்லத்தரசிகள் யாவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

கடைக்காரர் குறிப்பேடு ஒன்று வைத்திருந்தாலன்றித் திராவகத்தைச் சில்லறையில் விற்கலாகாது. வாங்குகிறவரின் பெயர், முகவரி, வாங்கிய அளவு ஆகியவை அதில் எழுதப்பட வேண்டும். முகவரியும் நிழற்படமும் உள்ள அரசாங்க அடையாள அட்டையை வாங்குகிறவர் காட்ட வேண்டும். எதற்காக வாங்குகிறார் என்றும் சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. கையிருப்பு எவ்வளவு என்பதை உட்கோட்ட மாஜிஸ்திரேட்டிடம் கடைக்காரர் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத சரக்கைப் பறிமுதல் செய்யலாம்; விதியை மீறியவருக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பள்ளி, கல்லூரி ஆய்வுக்கூடங்களும் மருத்துவமனைகளும் இவ்வாறே கணக்கு வைத்து, அதற்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும்.

இதற்கு அடிப்படையான விஷப் பொருள் சட்டம் 1919ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது என்பது வியப்பான செய்தி. நூறாண்டு கண்ட சட்டம் கையிலிருந்தும், திராவகம் மட்டும் உப்பும் புளியும் போல விற்பனையாகி வந்திருக்கிறது!

ஆணை எவ்வளவு நடைமுறைக்கு வந்திருக்கிறது என்று அறிய எங்கள் பேட்டையில் சற்று விசாரித்தேன். வன்பொருள் கடையொன்றில் அடையாள அட்டை கேட்டார்கள், குறிப்பேட்டையும் காட்டினார்கள். மகிழ்ச்சியோடு வெளியே வந்தேன். அடுத்தது, நான் நெடுநாளாக மளிகை வாங்கும் நெல்லைச் சீமைக்காரர் கடை. "அண்ணாச்சி, ஆசிட் வாங்க வந்தால் என்னிடம் அட்டை கேட்பீர்களா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "உங்களை எனக்குத் தெரியாதாம்மா? உங்ககிட்டப் போய் அட்டை கேட்பேனா?" என்றார். மூன்றாமவரான கைவண்டிக்காரருக்குக் கடையும் இல்லை, குறிப்பேடும் இல்லை. நாளை எந்தத் தெருவுக்குப் போவார் என்பதும் தெரியாது.

அண்ணாச்சி சொன்னதில் அன்பு இருந்தது. ஆனால் ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது. இவ்வழக்குகளை வரிசையாகப் படித்துப் பார்த்தால், வீசியவன் பெரும்பாலும் முன்பின் அறியாதவன் அல்லன். அண்டை வீட்டான், உறவினன், உடன் படித்தவன், கணவன் என்று தெரிந்தவனாகவே இருக்கிறான். அவன் கடைக்காரருக்கும் தெரிந்தவனாக இருக்கக்கூடும். ஆகவே தெரிந்தவருக்கு எழுதாத குறிப்பேடு, எழுத வேண்டிய இடத்தில் வெறுமையாக நின்றுவிடும். அட்டையைக் கேட்டால் நம்மை ஐயுறுகிறார் என்று பொருளன்று. கேட்பதற்கு முன்னே நாமாகவே எடுத்துக் காட்டினால், அடுத்து வருபவரிடம் கேட்க அவருக்குக் கூச்சம் இராது.

கடைத்தெருவை மட்டும் கண்காணித்தால் இக்காலத்தில் போதாது. 2022 டிசம்பரில் தில்லி துவாரகையில் 17 வயதுப் பள்ளி மாணவி மீது வீசப்பட்ட திராவகம், இணையவழி அங்காடியிலிருந்து வருவிக்கப்பட்டது என்று காவல்துறையினர் தெரிவித்தனர். வாசலுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போகும் பையன் எந்தக் குறிப்பேட்டில் எழுதுவான்?

திராவகத்தை முற்றிலும் தடைசெய்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அது இயலாத காரியம். பொற்கொல்லருக்குப் பொன்னை மாற்றுப் பார்க்கவும் தூய்மை செய்யவும் வெடியுப்புத் திராவகம் வேண்டும். மோட்டார் வண்டியின் மின்கலத்திற்குள்ளும், மின்சாரம் நின்றால் விளக்கெரிய வீட்டில் வைத்திருக்கும் மின்கலத்திற்குள்ளும் இருப்பது கந்தகத் திராவகம். சாயப்பட்டறை, உலோகப் பட்டறை எதுவும் இதன்றி நடவாது. ஆனால் குளியலறைக்கு இது வேண்டுவதில்லை என்பது என் துணிபு. கடைகளில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைப்பதை வெந்நீரில் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால், நீரின் உப்புக்கறை பெரும்பாலும் நீங்கிவிடும். வெண்கலப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கிய குடும்பங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலும், உப்புத் திராவகம் சலவைத் தூளோடு கலந்துவிட்டால் குளோரின் என்ற நச்சுவாயு எழும். காற்றோட்டமில்லாத சிறு குளியலறையில் அது உயிருக்கே உலை வைக்கும். சிமெண்டையும் சலவைக்கல்லையும் அரிப்பது வேறு.

கட்டுப்பாட்டினால் பயன் உண்டா என்பதற்கு அண்டை நாடான வங்காளதேசம் நல்ல சான்று. 2002இல் அங்கு ஏறத்தாழ ஐந்நூறு திராவகத் தாக்குதல்கள் நிகழ்ந்தன. அவ்வாண்டிலேயே இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன: ஒன்று குற்றவாளியைத் தண்டிக்க, மற்றொன்று திராவகத்தை இறக்குமதி செய்வோர், செய்வோர், கொண்டு செல்வோர், சேமிப்போர், விற்போர், பயன்படுத்துவோர் ஆகிய யாவரும் உரிமம் பெற வேண்டும் என்று விதிக்க. 1999 முதல் மீண்டோருக்கென்றே ஓர் அறநிறுவனம் அங்கு மருத்துவமும் சட்ட உதவியும் அளித்து வந்தது. செய்தித்தாள்கள் இயக்கம் நடத்தின. ஆண்களும் தெருவில் இறங்கி ஊர்வலம் சென்றனர். பத்தாண்டுகளில் தாக்குதல்களின் எண்ணிக்கை நூற்றுக்கும் கீழே இறங்கியது. அச்சட்டத்தில் மரண தண்டனையும் உண்டு. ஆயினும் தூக்குக் கயிற்றைவிட உரிமச் சீட்டே மிகுதியான பணியைச் செய்தது என்பது என் கருத்து.

நம் நாட்டிலும் தண்டனைக்குக் குறைவில்லை. 2013 வரை இதற்கெனத் தனிப்பிரிவு இல்லாதிருந்தது. அவ்வாண்டுத் திருத்தத்தால், திராவகம் வீசுவோருக்கு 10 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை நீளலாம் என்றாயிற்று; வீச முயன்றாலே 5 முதல் 7 ஆண்டு வரை. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையில் இது 124ஆம் பிரிவாக இருக்கிறது. ஆனால் தண்டனை வருவதற்குள் வாழ்வின் பாதி கழிந்துவிடுகிறது. 2009இல் நடந்த ஒரு தாக்குதலின் விசாரணை 2025 டிசம்பர்த் தொடக்கம் வரை முடியாதிருந்ததை அறிந்த உச்ச நீதிமன்றம், மிகவும் மனம் வருந்தி, நிலுவையிலுள்ள இத்தகைய வழக்குகளின் கணக்கை எல்லா உயர்நீதிமன்றங்களிடமும் கேட்டது.

இனி, கண்ணெதிரே இக்கொடுமை நிகழ்ந்தால் செய்ய வேண்டியதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். முதல் சில நிமிடங்களிலேயே பாதி விதி நிர்ணயமாகிவிடுகிறது. தீ அணைந்தால் எரிவது நிற்கும். திராவகமோ தோலில் தங்கியிருக்கும் வரை உள்ளே தின்றுகொண்டே செல்லும். அதைக் கழுவி நீக்குவது ஒன்றே மருந்து. தூய நீரை, குழாயிலிருந்தோ வாளியிலிருந்தோ, இடைவிடாமல் குறைந்தது 20 நிமிடம் ஊற்ற வேண்டும். கூடுமானால் மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலும் ஊற்ற வேண்டும். நீர் பட்டால் கந்தகத் திராவகம் கொதிக்கும் என்று படித்தவர்கள் தயங்குவதுண்டு. ஈரத்துணியால் ஒற்றுவது போலச் சிறிது நீர் படுவதே தீங்கு. வெள்ளமாக ஊற்றினால் வெப்பமும் திராவகமும் சேர்ந்தே அடித்துச் செல்லப்படும்.

ஆடையைத் தலைவழியாகக் கழற்றாமல் கத்தரித்து நீக்க வேண்டும். வளையல், சங்கிலி, கடிகாரம் இவற்றையும் உடனே அகற்ற வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் இமையை விரலால் விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். ஒரு கண்ணின் நீர் மற்றக் கண்ணுக்குள் வழியாதபடி தலையைச் சாய்த்துக்கொள்ளச் செய்ய வேண்டும். மஞ்சள், நெய், மை, பற்பசை, களிம்பு எதுவும் தடவலாகாது. சுண்ணாம்போ சோடா உப்போ இட்டுத் திராவகத்தை முறிக்க முயல்வது வெப்பத்தை எழுப்பி மேலும் புண்ணாக்கும். தேய்க்கவும் கூடாது. உதவி செய்வோர் தம் கையைக் காத்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் எந்த மருத்துவமனை அருகிலிருக்கிறதோ அங்கே செல்லலாம். அரசாங்க மருத்துவமனையா, தனியார் மருத்துவமனையா என்று பார்க்க வேண்டியதில்லை. உடனடி மருத்துவத்தைக் கட்டணமின்றி அளிக்க இருவகையினரும் கடமைப்பட்டவர்கள். மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். 2015 ஏப்ரல் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதை மேலும் தெளிவாக்கியது: மருந்து, உணவு, படுக்கை, பின்னர் வேண்டியிருக்கும் முகச்சீரமைப்பு அறுவை ஆகிய யாவும் இலவச மருத்துவத்தில் அடங்கும். முதலில் சேர்க்கப்பட்ட மருத்துவமனை, திராவகத் தாக்குதலுக்கு ஆளானவர் என்று சான்றிதழ் தர வேண்டும். அச்சான்றிதழை மறவாமல் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பிற்காலத்தில் எல்லாக் கதவுகளுக்கும் அதுவே திறவுகோல். காவல்துறையின் காகிதம் வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்தி வைக்க எவருக்கும் உரிமையில்லை. முதல் தகவல் அறிக்கையை, சம்பவம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையமும் பதிந்துகொள்ள வேண்டும்.

பண உதவியைப் பற்றி ஒரு வார்த்தை. குறைந்தது 3 லட்ச ரூபாய் தரப்பட வேண்டும், அதில் 1 லட்சம் 15 நாளுக்குள் கைக்கு வர வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டு ஆணை. இது அடியளவே அன்றி மேல்வரம்பு அன்று என்று 2015 டிசம்பரில், பீகாரைச் சேர்ந்த சகோதரியர் இருவரின் வழக்கில், நீதிமன்றம் விளக்கியது. தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வகுத்த 2018ஆம் ஆண்டுத் திட்டத்தில், முகம் உருக்குலைந்த பெண்களுக்கு 7 முதல் 8 லட்சம் வரை என்று வகுக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் 2013 முதல் மனோதைர்ய யோஜனா என்ற மாநிலத் திட்டமும் உண்டு. இவற்றிற்கெல்லாம் விண்ணப்பிக்க வேண்டிய இடம், சம்பவம் நடந்த மாவட்டத்தின் சட்டப்பணிகள் ஆணைக்குழு. நாம் எம்மாநிலத்தவர், எம்மொழியினர் என்பது அங்கே கேள்வியன்று. 15100 என்ற எண்ணில் அழைத்தால் இலவசச் சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள்.

புண் ஆறிய பின்னரே நெடும்பயணம் தொடங்குகிறது என்று மருத்துவர்கள் கூறுவர். தழும்பு இறுகிச் சுருங்கும்; கழுத்தில் பட்டிருந்தால் முகவாய் மார்போடு இழுபடும்; இமை மூடாமல் கண் வறண்டு கருவிழிப் படலம் கெடும். ஒவ்வொன்றுக்கும் தோல் ஒட்டி, மீண்டும் பிரித்து, மீண்டும் ஒட்டிப் பத்து இருபது அறுவைகள் செய்துகொண்டோர் உண்டு. சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், திராவகத் தாக்குதலுக்கு ஆளானோரைத் தன் பட்டியலில் சேர்த்தது. அரசுப் பணியில் 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் இவர்களுக்கும் பங்குண்டு. எனினும் அச்சட்டம் இயற்றப்பட்டபோது வீசப்பட்டு உருக்குலைந்தவரை மட்டுமே குறித்தது. வலுக்கட்டாயமாகத் திராவகத்தைக் குடிக்கச் செய்யப்பட்டு, முகம் மாறாமல் தொண்டையும் குடலும் வெந்தவர்கள் அதில் அடங்கவில்லை. 2025 டிசம்பரில் இக்குறையும் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது.

வங்கியில் கணக்குத் தொடங்கச் சென்ற ஒருவரிடம், உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க நிழற்படக் கருவியின் முன் கண்ணிமைக்கச் சொன்னார்களாம். இமையே இல்லாதவர் எங்ஙனம் இமைப்பார்? அவர் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30ஆம் நாள், இத்தகையோருக்கு ஏற்றவாறு மின்வழிச் சரிபார்ப்பு முறையை மாற்றியமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பணிபுரியும் நம் அன்பர்கள் அத்தீர்ப்பைத் தெரிந்து வைத்திருப்பது நலம்.

ஆக்ராவில், தாஜ்மஹாலைக் காணச் செல்வோர், ஷீரோஸ் என்ற சிற்றுண்டிச் சாலைக்கும் சென்று வரலாம். 2014 டிசம்பரில் தொடங்கிய அச்சாலையை நடத்துவோர் திராவகத்திலிருந்து மீண்ட பெண்கள். முகத்தை மூடிக்கொள்ளாமல் அவர்கள் எதிரே வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள். நம் குழந்தைகளை அழைத்துச் சென்று, வெறித்துப் பார்க்காமலும் பார்வையைத் திருப்பிக்கொள்ளாமலும் பேசப் பழக்குவது நல்ல கல்வி.

சங்கத்தின் மாதர் பிரிவு செய்யக்கூடிய காரியங்கள் இரண்டு உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் மராத்தியோ இந்தியோ பேசத் தெரியாமல் தவிக்கும் குடும்பத்திற்கு உடன் சென்று மொழிபெயர்க்கச் சிலர் பெயர் கொடுத்து வைக்கலாம். பெருநகரங்களில் நம்மவருள் மொழி தெரிந்த ஓய்வுபெற்றோர் பலர் இருக்கின்றனர்.

மற்றொன்று தோல் தானம். கண் தானத்தைப் பலர் அறிவர். இதனைச் சிலரே அறிவர். உடம்பின் பெரும்பகுதி வெந்தவர்களுக்கு, சொந்தத் தோல் வளரும் வரை, தானமாகப் பெற்ற தோலால் புண்ணை மூடி உயிரைக் காக்கிறார்கள். மும்பையில் சயான் மருத்துவமனையிலும், நவி மும்பை ஐரோலியிலுள்ள தேசியத் தீப்புண் மையத்திலும் தோல் வங்கிகள் இருக்கின்றன. இறந்து 6 மணி நேரத்திற்குள் தெரிவித்தால் குழுவினர் வீட்டிற்கே வருவார்கள். தொடை, கால், முதுகு ஆகிய இடங்களிலிருந்து மிக மெல்லிய ஏடாகவே தோலை எடுப்பர், கட்டுப்போட்டு ஆடை உடுத்தித் திருப்பித் தருவர், உடல் உருக்குலைவதில்லை. இரத்த வகை ஒத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. பெரியவர்கள் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, வங்கியின் தொலைபேசி எண்ணை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைப்பார்களாயின், அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டி வராது.